ஐயாயிரம் பேர் போதுமாம்

கெம்பேகவுடா வம்சத்தார் நான்கு திசையிலும் கோபுரம் கட்டி, பெங்களூரு இதைத் தாண்டாது என்றார்களாம். அதில் ஒன்றான லால்பாக் பாறைக் கோபுரம் இன்று ஊருக்கு நட்டநடுவில் நிற்கிறது.

2007-இல் ஏழு நகராட்சிகளையும் நூற்றுச் சொச்சம் கிராமங்களையும் வாரிச் சுருட்டி 'பிருஹத்' மாநகராட்சி ஆக்கினார்கள். 2020 செப்டம்பரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் வார்டுகள் 198-லிருந்து 243 ஆகி, 225 ஆகச் சுருங்கின. 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்தது. தேர்தலுக்கு மட்டும் அந்த ஐந்து ஆண்டுகளில் நல்ல நாள் அமையவில்லை.

தொழிலுக்கு இந்தக் கிரக தோஷமெல்லாம் கிடையாது. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு 2013-லேயே தனி நகரிய ஆணையம் வந்துவிட்டது. அங்கே கம்பெனிகள் கட்டும் சொத்துவரியில் பெரும்பகுதி அந்த வட்டாரத்துக்கே செலவாகிறது. வாக்காளராகப் பிறப்பதைவிடத் தொழிற்பேட்டையாகப் பிறப்பது மேல்.

எல்லையை விரிக்கும் ஆசை பெங்களூருக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்காவுக்கும் குழந்தையாக இருந்தபோதே நிலத்தாசை இருந்தது. பூர்வகுடிகளைக் கேட்காமலே மேற்கே விரிந்தார்கள். 1803-இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு லூசியானாவை வாங்கி நாட்டை இரட்டிப்பாக்கினார்கள். ஆனாலும் 1787-இல் வடமேற்குப் பிரதேசத்துக்கு இயற்றிய சட்டத்தில் ஒரு விதி உண்டு: அடிமையல்லாத வயதுவந்த ஆண்கள் ஐயாயிரம் பேர் சேர்ந்தால் சபைக்குத் தேர்தல் நடத்தலாம்.

கோடிப் பேர் வாழும் பெங்களூரில் ஐயாயிரம் பேரை எண்ணுவது அப்படியொன்றும் சிரமமில்லை. மாலை ஆறு மணிக்கு சில்க் போர்டு சந்திப்புக்கு வந்தால் போதும். நிதானமாகவே எண்ணலாம், யாரும் நகரமாட்டார்கள்.