இதுல ஒண்ணாவது வெட்டுமா சார்?

மழை விட்டும் எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு சட்டத்தை விடுவதாக இல்லை. பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்தில் வீடு கட்டியவர்களுக்கு இது பழக்கம்தான். ஐப்பசியில் உப்பும் கதவு தை பிறந்தால்தான் இளைக்கும். அதுவரை பொறுக்கலாம் என்றிருந்தேன். போன வாரம் மாமியார் உள்ளே மாட்டிக்கொண்டு போட்ட கூச்சலில் கார்பென்டரைக் கூப்பிடும்படி ஆகிவிட்டது.

வந்தவர் கையில் கரண்ட்டில் ஓடும் இழைப்புளி. பிளக்கைச் செருகினார், கதவு ஓரத்தில் இரண்டு தடவை ஓட்டினார், அறுநூறு ரூபாய் என்றார். வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போகிற வழியில் கூடத்து அலமாரியைப் பார்த்துவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் என்னுடைய பழைய இழைப்புளிகள், துடைத்து எண்ணெய் பூசி வரிசையாக நிற்கின்றன. "எல்லாம் நல்ல சாமான் சார்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்துக் கேட்டார்: "இதுல ஒண்ணாவது வெட்டுமா சார்?"

தபால்தலை சேர்ப்பவரிடம் போய், 'இதை ஒட்டினால் கடிதம் போகுமா' என்று எவனாவது கேட்பானா? கேள்வியையாவது பொறுத்துக்கொள்வேன். அதைக் கேட்டுச் சமையலறையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அதைத்தான் இன்னும் பொறுக்க முடியவில்லை.

ஆகவே, நான் ஏன் இவற்றைச் சேர்க்கிறேன் என்று தெளிவாக எழுதி வைத்துவிடப் போகிறேன். அடுத்து எவன் கேட்டாலும் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். அதற்கு முன்னால் பல்லாவரம் சந்தையைப் பற்றி ஒரு வார்த்தை.

வெள்ளிக்கிழமை காலையில் பெருங்களத்தூரில் ரயில் ஏறினால் தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம். பழைய டிரங்க் ரோடு நெடுகச் சந்தை. கருவாடு, ரோஜாச் செடி, புறா, யார் வீட்டிலோ நேற்றுவரை ஓடிய ஏர்கூலர், எல்லாம் கிடைக்கும். இழைப்புளியும் கிடைக்கும். ஆனால் கண்ணில் பட்டவுடன் நேரே போய்க் கையில் எடுப்பவன் இதற்கு லாயக்கில்லாதவன். அதைப் பார்க்கவே கூடாது. பக்கத்தில் கிடக்கும் மிக்சி ஜாரைத்தான் எடுக்க வேண்டும். "மூடி எங்கப்பா?" என்று கேட்க வேண்டும். இல்லை என்பான். உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்துவிட்டு ஒரு ஸ்பானரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் காலால், கவனியுங்கள், காலால், இழைப்புளியை லேசாகத் தள்ளி, "இது என்ன, ஒரே துருவா இருக்கு" என்று கொட்டாவி விட வேண்டும். அந்தக் கொட்டாவி முடிவதற்குள் கண் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். பிளேடு இருக்கிறதா, கைப்பிடி பிளந்திருக்கிறதா, அடியில் வாய் ஓரம் உடைந்திருக்கிறதா.

"ஆன்டிக் சார். வெள்ளைக்காரன் போட்டது. மூவாயிரம்" என்பான்.

இந்த ஆன்டிக் என்ற சொல்லை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் யாரென்று தெரிந்தால் நல்லது. அவனுக்கு ஒரு கொட்டாப்புளி வைத்திருக்கிறேன்.

சிரித்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். நாலு அடி நடந்தால் கூப்பிடுவான் என்று சொல்வார்களே, அது புடவைக் கடையில். இங்கே கூப்பிட மாட்டான். பத்துக் கடை தள்ளி, பூந்தொட்டிகளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான். கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் அங்கே குனிவார். நமக்குத் தொண்டை வறண்டுவிடும். அவர் மிக்சி ஜாரை எடுப்பார். உயிர் வரும். ஆனால் அவரும் மூடி எங்கே என்று கேட்பார், அவரும் ஸ்பானரைத் தூக்குவார். அப்போது தெரிந்துவிடும், ஆளும் நம்ம ஜாதிதான் என்று! ஓட்டமாக ஓடி, ஆனால் ஓடி வந்தது தெரியாமல், எதிர்ப்பக்கத்திலிருந்து தற்செயலாக வருகிற மாதிரி வந்து நிற்க வேண்டும். கடைக்காரன் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்வான்: "வாங்க சார். போன வாரமும் இப்படித்தான் சுத்தி வந்தீங்க."

கடைசியில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு முடியும். மிக்சி ஜாரும் நம் தலையில்தான். எங்கள் வீட்டுப் பரணில் மூடியில்லாத ஜார்கள் தனியொரு சேகரிப்பாக வளர்ந்துகொண்டிருக்கின்றன. இழைப்புளி எத்தனை இருக்கிறது என்று கேட்காதீர்கள். வீட்டில் சொல்லியிருக்கும் எண்ணிக்கை வேறு.

வாங்கியதைக் குரோம்பேட்டை நண்பரிடம் காட்டினால் அது அடுத்த வேதனை. "மூர் மார்க்கெட்ல இதை அஞ்சு ரூபாய்க்கு வாங்கியிருக்கேன்" என்பார். போன வருஷம் இதையே பத்து ரூபாய் என்றார். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்ததில் எனக்கும் வருத்தம்தான். எரிந்த பிறகும் அது வருஷா வருஷம் விலையைக் குறைத்துக்கொண்டே வருவதைத்தான் தாங்க முடியவில்லை.

அவருக்கு என்ன தெரியும்? அலமாரியில் இருக்கும் ஸ்டான்லி ஐந்தாம் நம்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நியூ பிரிட்டன் என்ற ஊரில் வார்த்தது. பதினான்கு அங்குலம், இரண்டு கிலோவுக்குமேல் கனம். பிளேடைத் தாங்கும் வார்ப்புக்குப் பின்னால் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தால் மூன்று தேதிகள் தெரியும்: மார்ச் 25, 1902, ஆகஸ்ட் 19, 1902, ஏப்ரல் 19, 1910. காப்புரிமைத் தேதிகள். மூன்றும் இருந்தால் அது 1910-ஐ ஒட்டித் தொடங்கி முதல் உலகப் போர் முடிவதற்குள் செய்தது என்று கணக்கு. பிளேடை அமுக்கும் மூடியின் துளை சாவித் துவாரம் போலிருந்தால் பழசு. சிறுநீரகம் போல வளைந்திருந்தால் 1930-களில் வந்தது. என் சொந்தச் சிறுநீரகத்தை ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிய சீட்டு அந்த அலமாரிக்குள்தான் எங்கோ கிடக்கிறது.

வெட்டுமாவாம். தீட்டினால் வெட்டும். தீட்டத் தீட்டப் பிளேடு குட்டையாகும். நூறு வருஷத்துப் பிளேடு முழு நீளத்தோடு கிடைப்பதே அபூர்வம், அதைக் கொண்டுபோய்க் குளியலறைக் கதவுக்காகச் சாணைக்கல்லில் தேய்க்கவா?

உலகத்தில் இதைப் புரிந்துகொண்டவர் ஒருவர்தான். ஆல்பிரெக்ட் டூரர், ஜெர்மானியர். 1514-இல் அவர் செதுக்கிய 'மெலன்கோலியா' படத்தில், இறக்கை முளைத்த ஒரு பெண் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் இழைப்புளி, ரம்பம், ஆணிகள் கிடக்கின்றன. ஒன்றையும் தொடவில்லை. அவள் துக்கத்துக்கு அறிஞர்கள் புத்தகம் புத்தகமாக விளக்கம் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. பல்லாவரம் போய் வந்திருக்கிறாள். கேட்ட விலைக்கே வாங்கிவிட்டாள்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு காபிக் கடைக்கு மகன் கூட்டிப் போனான். மேஜைக்கு மேஜை பழைய மர இழைப்புளி. பிளேடையும் ஆப்பையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, பளபளவென்று வார்னிஷ் அடித்து, வாயில் டிஷ்யூ பேப்பர் செருகியிருந்தார்கள். நான் எடுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் கட்டைவிரல் வைக்கும் இடத்தில் ஒரு பள்ளம். எவரோ ஒரு தச்சர் ஆயுள் முழுக்கப் பிடித்துப் பிடித்து மரம் விரலுக்கு வழிவிட்ட பள்ளம். என் கட்டைவிரல் அதில் சரியாக உட்காரவில்லை, அவர் கை பெரிய கை. பக்கத்து மேஜைப் பையன் அவன் மேஜையில் இருந்ததிலிருந்து தாளை உருவி மூக்கைச் சிந்தினான். "விலைக்குத் தருவீர்களா?" என்று கேட்டேன். "டெகரேஷன் சார்" என்றார்கள். காபி முந்நூற்று இருபது.

கதவெல்லாம் பிளைவுட்டும் பிளாஸ்டிக்குமாக ஆனபிறகு இழைக்கிறதுக்கு மரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம். அதற்காக மூக்கு சிந்தவா?

சரி, ஏன் சேர்க்கிறேன் என்பதற்கு வருகிறேன். வருவதற்குள் குரோம்பேட்டைக்காரர் போன் செய்துவிட்டார். என் ஏழாம் நம்பரைக் கொடுத்தால் அவருடைய ஸ்டான்லி நாற்பத்தைந்தைத் தருகிறாராம். நிக்கல் பூச்சு மின்னும், காடி போட, பள்ளம் எடுக்க, ஓரத்தில் வளைவு வைக்க என்று ஒரு பெட்டி பிளேடுகளோடு விற்ற இழைப்புளி அது. பெட்டி இருக்கிறதா என்றேன். இல்லை. பிளேடு ஒன்றாவது? அதுவும் இல்லை, மூர் மார்க்கெட்டிலேயே இல்லையாம். பிளேடே இல்லாத இழைப்புளியை வைத்துக்கொண்டு என்னய்யா செய்வது என்று கத்தினேன்.

"பிளேடு இருக்கிறதை வச்சு நீங்க என்ன செய்றீங்களோ, அதையேதான்" என்றார். வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.