ஓர் அங்குலத்துக்கு நாலு அரிசி

சம்சாரிக்கு நடுவயதில் சங்கீத ஆசை வந்தால் அண்டை வீட்டார் பாடுபடுவார்கள். சமையல் ஆசை வந்தால் சொந்த வீட்டார் பாடுபடுவார்கள். ஓவிய ஆசை ஒன்றுதான் சத்தம் போடாது, வயிற்றைக் கெடுக்காது என்ற நம்பிக்கையில் மனைவிமார் உடனே அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். அது பிடித்துக்கொள்வது சாப்பாட்டு மேசையை என்பது பிறகுதான் தெரியவரும். எங்கள் கிள்ளான் வீட்டில் மேசை முழுவதும் கலைக்குப் போய்விட, குடும்பத்தார் தட்டை மடியில் வைத்துப் பசியாறிய காலம் ஒன்று உண்டு. என் மனைவி அதை ‘ஜப்பான்காரன் காலம்’ என்றுதான் இன்றும் குறிப்பிடுகிறாள்.

இதற்கு விதை போட்ட ஊர் பிரிக்பீல்ட்ஸ். மகள் அங்கே டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் பரதம் பயில்கிறாள். 1981-ல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய அந்தக் கலைக்கூடத்தில், உள்ளே பிள்ளைகள் அடவு பழகுகிறார்கள். வெளியே அப்பாக்கள் காடி நிறுத்த இடம் தேடிப் பழகுகிறார்கள். இடம் கிடைத்ததும் மற்ற அப்பாக்கள் கைப்பேசியை எடுப்பார்கள். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். ஜாலான் துன் சம்பந்தனில் தலைக்கு மேலே மோனோரெயில் பாதை போகிறது. இணையாக ஓடும் கோடுகள் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வதாக வரைய வேண்டும் என்பது விதி. பாதை நேராக இருந்தால் ஒரு புள்ளி போதும். வளைந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு புள்ளி வேண்டும். அத்தனை புள்ளிகளுக்கு என் தாளில் இடமில்லை. ஆகவே என் படத்தில் ரயில் தூணை விட்டு இறங்கி நேரே பூமாலைக் கடைக்குள் போயிற்று. மாலை கட்டிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, “கடைய நல்லா போட்டிருக்கீங்க. அந்தப் பாம்பு எதுக்கு?” என்று கேட்டார். வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு நான் ஓவியனானேன்.

பென்சிலைவிட ரப்பர் சீக்கிரம் தேய்ந்தால் அவர் எந்தத் தரத்து ஓவியர் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் பரம்பரைக்கு அது பொருந்திய தொழில்தான். 1770 வாக்கில் லண்டனில் எட்வர்ட் நேர்ன் என்ற கருவி செய்பவர் பென்சில் கோட்டை அழிப்பதற்கு ரப்பர்க் கட்டிகளை விற்கத் தொடங்கினார். அதுவரை ரொட்டித் துண்டால் அழித்துக்கொண்டிருந்தார்கள். 1877-ல் ரப்பர்க் கன்றுகள் இந்தப் பக்கம் வந்தன. பிறகு தோட்டங்கள் பெருகின. என் தாத்தா கப்பலேறி வந்து, விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டினார். பேரன் உட்கார்ந்து அழிக்கிறான். இப்போது கடையில் விற்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக் அழிப்பான்கள் என்பதை என் அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

சொல்லவேண்டிய தேவையில்லாமல் செய்தது நீர்வண்ணம். நீர்வண்ணக்காரர்களுக்கு வெள்ளைச் சாயம் பூசுவது கௌரவக் குறைவு. தாளின் வெண்மையையே வெளிச்சமாக விட்டுவைத்து, வெளிர் நிறத்தை முதலிலும் அடர் நிறத்தைப் பிறகும் ஏற்ற வேண்டும். விட்டுவைக்கும் இடத்தில் சாயம் புகாதிருக்க ஒரு திரவத்தைப் பூசி, காய்ந்ததும் விரலால் உருட்டி எடுப்பார்கள். அந்தப் புட்டியை நான் திறந்ததும் அறைக்குள் படுத்திருந்த அம்மா எழுந்து வந்துவிட்டார். “பால் கொட்டகை வாசனை வருதேய்யா!”

ரப்பர் பால் உறையாமலிருக்க அம்மோனியா கலப்பார்கள். புட்டியில் இருந்ததும் அதுவேதான். விலையைக் கேட்டார். சொன்னேன். “வாளி வாளியா சுமந்தோம். இத்தூண்டு புட்டிக்கா இவ்வளவு வெள்ளி?” என்றவர், வீட்டுக்கு யார் வந்தாலும் இப்போது புட்டியைத் திறந்து மோந்து பார்க்கக் கொடுக்கிறார். பக்கத்திலேயே சாய்த்து வைத்திருக்கும் என் படத்தைப் பற்றி இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.

நீர்வண்ணப் பாடநூல்களை எழுதியவர்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள். ஒரு பூச்சு காயும்வரை சற்றுப் பொறு என்பார்கள். கிள்ளானில் மாலை மழை பிடித்துக்கொண்டால் அந்தச் ‘சற்று’ இரவுச் சாப்பாட்டைத் தாண்டும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள், காற்றிலிருக்கும் ஈரத்தை வயிறாரக் குடித்துவிட்டு என் தண்ணீருக்கு இடமில்லை என்கிறது. வண்ணக் கட்டிகளில் வேலம்பிசின் இருக்கிறது, சிலவற்றில் தேனும் உண்டு. எனவே ஓவியன் ஓய்வெடுக்கும் வாரங்களில் பூஞ்சணம் தூரிகையை எடுத்துக்கொள்கிறது. அதன் சாம்பல் பச்சையில் இருக்கும் நிதானம் என் கைக்கு ஒருநாளும் வந்ததில்லை.

எண்ணெய் வண்ணத்துக்கு மாறினேன். ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகுகிறது. அதற்கு நாள்கணக்காகும். அதுவரை மேசை அதனுடையது. டர்பன்டைன் நெடி சாம்பிராணியைத் தோற்கடித்துப் பூசையறை வரை போனதும் மனைவி கேட்டாள்: “ஏங்க, இதெல்லாம் இப்ப கம்ப்யூட்டர்லயே வரையறாங்களாமே?”

டேப்லட் வந்தது, தவணையில். கூட வந்த பேனா 8192 அழுத்த நிலைகளை உணரும் என்றார் கடைக்காரர். என் கைக்குத் தெரிந்த நிலைகள் இரண்டு: வைப்பது, எடுப்பது. மிச்சமுள்ள 8190-க்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் கட்டிவருகிறேன்.

கண்ணாடியில் பேனா வழுக்கியது. காகிதத்தின் சொரசொரப்பு கொண்ட ஒரு படலம் விற்கிறார்கள், வாங்கி ஒட்டினேன். அந்தச் சொரசொரப்பு பேனா முனையைத் தின்றது, முனைகள் வாங்கினேன். கரித்துண்டின் தூள் உதிரும் தூரிகை, நீர் பரவித் திட்டாகும் தூரிகை, தாளின் மேடுபள்ளம் தெரியும் தூரிகை என்று கோப்புக் கோப்பாக விற்கிறார்கள், அவற்றையும் வாங்கினேன். தாளில் எனக்குத் தானாகவே வந்துகொண்டிருந்த திட்டுகள் இப்போது கட்டணத்துக்கு வருகின்றன. அந்தப் பக்கம் நீர்வண்ணக்காரர் ரப்பர் பால் பூசி, உருட்டி, உரித்து என்ன அடைகிறார்? திரையில் ஒரு தட்டில் கிடைக்கும் தனி லேயரை. அவர் வீட்டுக் குறையை இவரும், இவர் வீட்டு வசதியை அவரும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இரண்டு கடையிலும் கணக்கு வைத்திருக்கும் அபூர்வ வாடிக்கையாளன் நான்.

லேயர் ஒரு பெரிய வசதி. வானம் ஒன்று, கோபுரம் ஒன்று, காக்கை ஒன்று என்று தனித்தனி அடுக்கில் வரையலாம். பிடிக்காததை மட்டும் மாற்றலாம். இரண்டு விரலால் திரையைத் தட்டினால் கடைசிக் கோடு மறையும். மறுபடி தட்டினால் அதற்கு முந்தியது. ஸ்காட் ரோடு கந்தசாமி கோயில் கோபுரத்தை வரைய உட்கார்ந்தவன், கலசத்தின் மேல் ஒரு காக்கையை வைத்தேன். பிறகு அதன் அலகைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, அலகு நுனியில் விழும் வெளிச்சத்தை மாலை மாலையாகத் திருத்தினேன். முழுப் படத்தில் அந்தக் காக்கை ஒரு கரும்புள்ளி.

“முடிஞ்சிருச்சாப்பா?” என்பாள் மகள். திரையில் எதுவும் கிழிவதில்லை, தீர்வதில்லை. முடிந்தது என்று சொல்ல எந்தக் கட்டாயமும் இல்லாத படத்தை யார் முடிப்பார்கள்? பாசார் செனியில் முகம் வரைந்து தருபவர்கள் முடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் முகத்துக்குச் சொந்தக்காரர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். 1950 முதல் 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வன் வந்தபோது மணியம் வாரந்தோறும் படம் போட்டு முடித்தார், ஏனென்றால் அச்சகம் காத்திருந்தது. வந்தியத்தேவனின் மீசையை இன்னும் ஒரு தரம் திருத்தலாமே என்ற வசதி அவருக்கு இருந்திருந்தால், அந்தக் குதிரை இன்றும் வீராணத்து ஏரிக்கரையிலேயே நின்றிருக்கும்.

இந்த நிலையில் தீபாவளி நெருங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தீபாவளி என்றால் பேரங்காடிக் கூடங்களில் சாயமிட்ட அரிசிக் கோலம். மயிலும் விளக்கும் தாமரையுமாகத் தரை நிறையப் பரப்பியிருப்பார்கள். மூவினத்தாரும் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டது. எங்கள் கட்டடத்து முகப்புக் கூடத்தில் கோலம் போடுவது பற்றிக் கூட்டம் நடந்தபோது, “டிசைன் டிஜிட்டலில் தயாரித்துத் தரப்படும்” என்று ஒரு குரல் எழுந்தது. என் குரல்தான். மனைவி தரையைப் பார்த்தாள்.

என் செயலியில் ஒரு வசதி உண்டு. ஒரு கோடு இழுத்தால் எட்டுத் திசையிலும் தானே விழும். ஓர் இதழ் வரைந்தேன், எட்டிதழ்த் தாமரை மலர்ந்தது. பிரம்மாவுக்கே இதழுக்கு ஒரு தரம் கை அசைக்க வேண்டியிருந்திருக்கும்.

அடுத்த கூட்டத்தில் திரையை நிமிர்த்திக் காட்டினேன். “அங்குலத்துக்கு 300 புள்ளி. நிறம் 16.7 மில்லியன்.”

பத்தாம் மாடி அக்கா பையிலிருந்து கொஞ்சம் அரிசி எடுத்து மேசையில் நீளவாக்கில் வரிசையாக வைத்தார். “அங்குலத்துக்கு நாலு, தம்பி. நிறம், தெங்கு கிளானா ரோட்டுக் கடையில என்ன இருக்கோ அதான்.” சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. மில்லியன் அங்கேயே முடிந்தது.

“சரி, தரையில ஏத்துறதுக்கு எத்தனை புள்ளி?”

என் கோப்பில் கோடிக்கணக்கான புள்ளிகள் இருந்தன. அவர் கேட்டது அவற்றை அல்ல. எனக்குக் கைகொடுக்கும் எண்ணத்தில் மனைவி, “பதினஞ்சு புள்ளி, இடைப்புள்ளி, எட்டு முடிய?” என்றாள்.

“அது ஆறு பக்கமா வரும்மா. இவரு எட்டு இதழ் வெச்சிருக்காரு, இடிக்கும்.” அக்கா கண்ணை மூடித் திறந்தார். “பதினஞ்சு புள்ளி, நேர்ப்புள்ளி, ஒண்ணு முடிய. நாலு பக்கம் வரும். எட்டும் உக்காந்துரும்.”

புள்ளிக்கு நேர்கீழே புள்ளி வைத்தால் கட்டம் சதுரமாகும். இரண்டு புள்ளிக்கு இடையில் வைத்தால் அறுகோணமாகும். என் செயலிக்கு எட்டைத் தவிர வேறு கணக்கு தெரியாது. அவருக்கு எல்லாக் கணக்கும் ஒரு மூச்சில் வருகிறது. மின்சாரமும் வேண்டியதில்லை.

நான் சும்மா இருப்பேனா? “அக்கா, கோலம் கம்ப்யூட்டருக்குப் புதுசில்ல. தாம்பரத்துல சென்னைக் கிறித்துவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணியும் கூட இருந்தவங்களும் 1974-லயே கோலத்தோட இலக்கணத்தைக் கம்ப்யூட்டர் கணக்கா எழுதி வெளியிட்டிருக்காங்க” என்றேன்.

“அப்ப கம்ப்யூட்டர் நம்மகிட்ட வந்து கத்துக்கிட்டுப் போயிருக்கு. நீங்க ஏன் தம்பி மறுபடியும் அதுகிட்ட போய்க் கத்துக்கிறீங்க?”

கூட்டம் இனிதே முடிந்தது. எனக்கு அரிசி இலாகா கிடைத்தது.

சாயத்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அரிசியில் விட்டுப் புரட்டி, செய்தித்தாளில் பரப்பிக் காயவைக்க வேண்டும். தண்ணீர் கூடினால் அரிசி ஊறிவிடும். குறைந்தால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். திட்டு எனக்குக் கைவந்த கலை என்பதால் தூரிகைக் கோப்பு வாங்காமலே அது வந்தது. தீபாவளிக்கு முந்திய வாரங்கள் இங்கே பிற்பகல் இடிமழைக் காலம். வெளியே காய வழியில்லாமல் அரிசி சாப்பாட்டு மேசைக்கு வந்தது. மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூஞ்சணம் பிடிக்காமல் மின்விசிறியையும் போட்டுவிட்டாள். இதே மின்விசிறியை என் நீர்வண்ணத்துக்குக் கேட்டபோது பில் எகிறும் என்றவள் அவள். ஊதாக் கையோடு அலுவலகம் போனால், மலாய்க்கார மேலாளர் மணிக்கட்டு வரை பார்த்துவிட்டு, ஓட்டு எத்தனை போட்டாய் என்று விசாரித்தார்.

தரை வேலையை அக்காமார் பார்த்துக்கொண்டார்கள். நூலில் சாக்பீஸைக் கட்டி வட்டம் போட்டார்கள். நடுவில் தொடங்கி வெளியே வந்தார்கள். வெளியே தொடங்கினால் கலைஞர் நடுவில் மாட்டிக்கொள்வார். சிவப்பு அரிசியில் வெள்ளை அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கலந்து தூவ, இதழின் சிவப்பு ரோஸாகி, நுனியில் வெளிறியது. 1880-களில் பாரிசில் ஜார்ஜ் சூரா புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்துப் பார்ப்பவர் கண்ணில் கலக்கச் செய்த அதே வித்தை. பிசகிய அரிசியை இரண்டு விரலால் கிள்ளி எடுத்தார்கள். ஓரம் நேராக்க நல்ல கெட்டி அட்டை வேண்டுமென்று என் டேப்லட் வந்த பெட்டியைக் கேட்டு வாங்கிக் கிழித்தார்கள். அதைவிடச் சிறந்த கருவி கிடைக்காது என்று எல்லாரும் பாராட்டினார்கள். நான் வாங்கிய பொருள் ஒன்றைப் பற்றி என் காதில் விழுந்த முதல் பாராட்டு.

தீபாவளிக்கு முந்திய இரவு கோலம் முடிந்தது. முடியாமல் எப்படி? தீபாவளி யாருக்காகவும் ஒருநாள் தள்ளி நிற்காது. என் காக்கைக்கும் அப்படியொரு பண்டிகையைக் குறித்துக் கொடுத்திருந்தால் அது எப்போதோ பறந்திருக்கும்.

பண்டிகை கழிந்து கோலத்தைப் பெருக்கியபின் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார்கள். கோலச் செலவுக்குப் பங்கு தருவதாகச் சொன்ன பல வீடுகள் தரவில்லை. “ஏங்க, அந்தப் பேனா சும்மாதானே கெடக்கு. ஒரு பட்டியல் எழுதுங்களேன்” என்றாள் மனைவி.

எழுதினேன். தந்த வீடுகள் ஒரு லேயர், தராத வீடுகள் ஒரு லேயர். வீட்டு எண்ணுக்கு எதிரே ‘பாக்கி’ என்று எழுதும்போது, ஊதாக் கையும் வற்றிப்போன பணப்பையும் சேர்ந்து விரலில் இறங்கின. கோடு தடித்தது, நெளிந்தது, நுனியில் கூர்மையாயிற்று. 8192 நிலைகளும் பற்றவில்லை. இரண்டு விரலால் ஒரு தடவைகூடத் தட்டாமல் ஒரே மூச்சில் முடித்த அந்தப் படைப்பை லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கிறார்கள். ஏறுகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். சிலர் தங்கள் மாடி வருவதற்கு முன்பே இறங்கிவிடுகிறார்கள்.