பழைய டீசல் லாரியின் வாயு இயல்: புதுக்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து

பழைய டீசல் லாரி ஒன்றை வீட்டு வாசலில் வைத்துப் பராமரிப்பது ஆயில், கிரீஸ், ஸ்பேனர் ஆகிய மூன்றையும் சார்ந்த தொழில் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூர், ஆலங்குடி, அறந்தாங்கி வட்டாரங்களில் புளியமரத்தடியிலும் வைக்கோல்போர் ஓரத்திலும் ஓய்வு கொண்டிருக்கும் டாட்டா 1210, லேலண்ட் காமெட் முதலிய வண்டிகளைச் சற்று உற்று நோக்கினால், அக்கருத்து மேம்போக்கானது என்பது விளங்கும். ஜல்லியும், புகளூர்க் காகித ஆலைக்குத் தைலமரக் கட்டையும் ஏற்றிக் களைத்த இவ்வண்டிகளில் நடைபெறுவது, துல்லியமாகக் கூறின், காற்றை அது இருக்க வேண்டிய இடத்தில் இருத்துவதும் இருக்கக் கூடாத இடத்திலிருந்து வெளியேற்றுவதுமே ஆகும். ஏனைய வேலைகள் யாவும் இவற்றின் கிளைகள்.

சித்த மருத்துவ மரபு மனித உடலில் பிராணன் முதல் தனஞ்செயன் ஈறாகப் பத்து வாயுக்களைக் கணக்கிடுகிறது. லாரிக்கு இதுவரை அறியப்பட்டவை ஆறு: டயர், பிரேக் டேங்க், சிலிண்டர், ஹாரன் ஆகிய நான்கிலும் இருப்பவை நல்வாயு, டீசல் லைனிலும், ஹைட்ராலிக் வகையாயின் கிளட்ச் லைனிலும் புகுபவை தீவாயு. எஞ்சிய நான்கும் வண்டி மேலும் பழையதாகும்போது வெளிப்படும் என்று நம்ப இடமுண்டு. டயர்க் காற்றைப் பற்றிப் பஞ்சர் கடைகளில் ஏற்கெனவே போதிய அளவு பேசப்பட்டுவிட்டதால் அது இங்கு விடப்படுகிறது.

தீவாயுக்களுள் தலையாயது டீசல் லைனில் புகுவது. இதன் வரலாறு முரண் மிக்கது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினில், எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊதித் தள்ளியதே அழுத்தப்பட்ட காற்றுதான். பின்னர், டீசலை மட்டும் அழுத்தி நாசில் வழியே பீய்ச்சும் பம்பை பாஷ் நிறுவனம் 1927இல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. 1951இல் தோன்றிய பெங்களூர் மைகோ நிறுவனம் வழியாக அது இந்திய லாரிகளுக்கும் வந்து சேர்ந்தது. அன்று முதல், டீசலைச் சுமந்த காற்றே டீசலுக்குப் பகையாயிற்று. நாசில் திறக்கச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தம் வேண்டும். திரவம் அமுங்காது, காற்றோ அமுங்கும். ஆகவே குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் பம்பின் உழைப்பு முழுவதையும் அதுவே வாங்கிக்கொண்டு நாசிலுக்கு ஒன்றும் விடாது.

டேங்க் காலியாகும்வரை வண்டியை ஓட்டிவிட்டு, டீசலின் விலையைக் காரணம் காட்டுவது உரிமையாளர் மரபு. "அண்ணே, காத்து வாங்கிருச்சு" என்ற ஒற்றை வாக்கியத்தில் நோய் உறுதிசெய்யப்பட்டதும், ஏர் எடுத்தல் எனப்படும் சிகிச்சை தொடங்கும். ஃபில்டர் தலையிலுள்ள போல்ட்டை அரைச்சுற்றுத் தளர்த்தி, ஃபீட் பம்பிலுள்ள கைக்குமிழை ஒருவர் அடிக்க அடிக்க, முதலில் வெறும் சீறலும், பிறகு சோப்பு நுரைபோல் வெளுத்த டீசலும், கடைசியில் குமிழியற்ற தெளிந்த டீசலும் வழியும். அக்கணத்தில் போல்ட்டை இறுக்க வேண்டும். அடுத்து நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் துப்புவதைக் கண்டு ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். போல்ட்டின் அடியிலுள்ள செப்பு வாஷரை அடுப்புத் தணலில் பழுக்கக் காய்ச்சி நீரில் போட்டால் அது மீண்டும் இளகி, கசிவின்றிப் படியும். புதிய வாஷரின் விலை அற்பமே என்பதை இவ்விடத்தில் எவரும் குறிப்பிடுவதில்லை.

நல்வாயுவும் அளவும் தூய்மையும் கெட்டால் தீவாயுவாகும் என்பதற்குச் சிலிண்டர்க் காற்றே சான்று. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. உள்ளிழுத்த காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கும்போது எழும் 500 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமே டீசலைப் பற்றவைக்கிறது. கல்குவாரிப் பொடியும் செம்மண் புழுதியும் கலந்த காற்று அப்படியே உள்ளே சென்றால் லைனரும் ரிங்கும் தேய்ந்து, வண்டி ஆயில் குடிக்கத் தொடங்கும். இதைத் தடுக்கப் பழைய வண்டிகளில் ஏர் கிளீனரின் அடியில் ஆயில் கிண்ணம் உண்டு; புழுதி அந்த ஆயிலில் சிக்கிக் குழம்பாகப் படியும். கிண்ணத்தைக் கழுவுபவர், தாராள மனத்தினராயின், அளவுக் கோட்டுக்கு மேலும் ஆயில் ஊற்றிவிடுவார். எஞ்சின் அதை உறிஞ்சி எரிபொருளாகக் கொண்டு, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே கட்டுக்கடங்காமல் சுழலும். ஸ்டாப் கேபிளை இழுத்துப் பயனில்லை. அது நிறுத்துவது டீசலை மட்டுமே. அப்போது காற்றை மறுப்பதொன்றே வழி. காற்று புகும் வாயை அடைக்கத் தட்டையான பலகையே உத்தமம், கை வைப்பது பேராபத்து. களத்தில் கைக்கு அகப்படுவதோ நனைந்த கோணி. பக்கத்து வீட்டு ஆடுகள் வரை அனைத்தும் ஓடிய பின்னும் நின்று கோணியைப் போர்த்துபவரே அவ்வூரில் மெக்கானிக் எனப்படுவார்.

பிரேக் டேங்க்கின் காற்று தனஞ்செயனை ஒத்தது. உயிர் பிரிந்த பின்னும் அவ்வாயு உடலில் தங்குவதாகச் சொல்லப்படுவதைப் போல, இதுவும் எஞ்சின் அணைந்த பின் டேங்க்கில் தங்கும். ஆனால் விடிவதற்குள் ஏதோ ஒரு மூட்டில் கசிந்து வெளியேறும். சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைக் கண்டுபிடிப்பர். டேங்க்கின் அடியில் சேரும் நீரை வடிகுழாய் திறந்து விட வேண்டும் என்பது நன்கு அறியப்பட்டதும் அரிதாகச் செய்யப்படுவதுமான கடமை.

மேம்பாடு எனப்படுவதும் கூடுதல் காற்றே. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் பியூஷி 1905இல் காப்புரிமை பெற்ற டர்போ, வெளியேறும் புகையின் விசையால் அதிகக் காற்றை எஞ்சினுக்குள் திணிப்பது. காயலான் கடையில் வாங்கிய டர்போவைப் பழைய எஞ்சினில் பொருத்துவோர், பம்பில் டீசலைக் கூட்டாவிட்டால் இழுவை கூடுவதில்லை என்றும், கூட்டினால் பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் சூடு தாங்குவதில்லை என்றும் இரு கட்டங்களில் அறிகின்றனர்.

ஆகவே மேம்பாடு பெரும்பாலும் ஏர் ஹாரனில் முடிகிறது. அது பிரேக் டேங்க்கிலிருந்தே காற்றை எடுப்பதால், வண்டி வருவதை எவ்வளவு நேரம் அறிவிக்கிறதோ அவ்வளவுக்கு அது நிற்பதற்கான காற்று குறைகிறது. பல சுரங்களில் ஒலிக்கும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதி 119 தடைசெய்கிறது. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று பெற வேண்டும்; 15 ஆண்டு கடந்தவற்றுக்கான கட்டணமும் 2022 ஏப்ரலில் பன்மடங்கு உயர்ந்தது. எனவே டிஎன் 55 பதிவெண் கொண்ட இத்தகைய வண்டிகளில் எஃப்.சி.க்கு முந்தைய நாள் மாலை ஹாரன் கழற்றப்பட்டு, குழாயின் வாய் சைக்கிள் டியூப் துண்டால் கட்டப்படும். சான்று கிடைத்த அன்றே அது பழைய இடத்தில் மாட்டப்படும், அவ்விணைப்பிலிருந்து புதிதாக ஒரு கசிவும் தொடங்கும்.