அலைகடலெனத் திரண்டு வாரீர்

எங்கள் ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பழைய பேருந்து நிலையம் ஒன்று, புதிய பேருந்து நிலையம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே எந்நேரமும் தோண்டிக் கிடக்கும் சாலை ஒன்று. தென்மாவட்டத்தில் இந்த அங்க அடையாளம் பொருந்துகிற எந்த ஊரையும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம். பெருநகரம் இல்லை, ஆகவே ஐபிஎல் வராது. கிராமமும் இல்லை, ஆகவே ஆலமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்து ஆட்டம் பார்த்துவிட்டு எழுந்து போக முடியாது. இப்படி இரண்டும் கெட்டான் ஊர்களுக்கென்றே ஏற்பட்டதுதான் மாபெரும் மின்னொளிக் கபடிப் போட்டி.

டீக்கடைக்கு எதிரே ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். டீ ஆறும்வரை அதிலிருந்த முகங்களை எண்ணினேன். 41. மேலே தலைவர்கள், நடுவில் தலைவர்களின் தம்பிகள், கீழே வட்டத்துக்குள் நன்கொடையாளர்கள், அதற்கும் கீழே நன்கொடையாளர்களின் வாரிசுகள். தொட்டிலை விட்டு இறங்காத ஒரு குழந்தை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கை கூப்பி நம்மை வரவேற்றது. கபடி ஆடுகிற ஒருவர் முகமும் அதில் இல்லை. ஓரத்தில் ஒரு வீரனின் நிழலுருவம் மட்டும் இருந்தது. உற்றுப் பார்த்தேன். அது கால்பந்தை உதைத்துக்கொண்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில், சிவப்பில், கொட்டை எழுத்தில்: 'அலைகடலெனத் திரண்டு வாரீர்!'

கூப்பிட்டார்கள், போனேன்.

சொன்ன நேரம் மாலை 6 மணி. இடம் பிடிக்கலாமென்று ஐந்தரைக்கே போய்விட்டேன். மைதானத்தில் இரண்டு கட்டுமானங்கள் எழும்பியிருந்தன. ஒன்று மேடை. இரும்புச் சட்டம், நட்டு, போல்ட்டு, கனத்த பலகை, அதன்மேல் சிவப்புக் கம்பளம். முன்னால் வெள்ளைத் துணி போர்த்திய சோபாக்கள் மூன்று வரிசை. இன்னொன்று கேலரி. சவுக்குக் கம்பு, கயிறு, பலகை, அவ்வளவுதான். மேடை தாங்க வேண்டியது நாற்பது பேரை. கேலரி தாங்க வேண்டியது இரண்டாயிரம் பேரை.

மோப்ப நாய் வந்தது. சோபா சோபாவாக முகர்ந்தது. மேடைக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தது. மாலைக் கூடையைக்கூட விட்டுவைக்கவில்லை. கேலரிப் பக்கம் திரும்பியும் பாராமல் வண்டியில் ஏறிக்கொண்டது. யார் உயிர் உயிர் என்பது நாய்க்கும் பழக்கப்பட்டிருந்தது.

கடைசி முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்த பந்தல்காரரிடம் கேட்டேன்.

"எத்தனை பேரு தாங்கும், அண்ணாச்சி?"

"எத்தனை பேரு ஏறுதாங்களோ, அத்தனை பேரு."

"கூட ஏறிட்டா?"

"போன வருசமும் இதே கம்புதான். ஒண்ணும் ஆவல" என்று கம்பைத் தட்டிக் காட்டினார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் கொடுத்த காசுக்கு அவ்வளவுதான் கட்ட முடியும். ஆனால் இந்த நாட்டின் கட்டடப் பாதுகாப்புச் சான்றிதழை அவர் வாயால் கேட்டுவிட்டேன்: போன வருஷம் ஒன்றும் ஆகவில்லை.

கபடியின் அழகே அதன் சிக்கனம்தான். ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பக்கத்துக்கு ஏழு பேர். பாடிப் போகிறவருக்கு 30 விநாடி. இருபது நிமிடம், இடைவேளை, மறுபடி இருபது நிமிடம். மூச்சு இருக்கும்வரைதான் பேச்சு, அதுவும் ஒரே சொல். இப்பேர்ப்பட்ட விளையாட்டைத் தொடங்கி வைக்க எட்டு இருபதுக்கு வந்தவர்கள் பத்தரை வரை பேசினார்கள். 2 மணி 10 நிமிடம். கேலரியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: 260 பாடி. ஒருவர்கூட மூச்சு விடவில்லை, ஒருவரையும் நடுவர் வெளியே அனுப்பவில்லை. பொன்னாடை போர்த்தியவருக்குப் பொன்னாடை, அவருக்குப் போர்த்தியவருக்குப் பொன்னாடை. ஆறு மணிக்கே உடம்பைச் சூடேற்றி நின்ற பையன்கள் உடம்பு ஆறி, தசை இறுகி, வரிசை கலையாமல் கொசுவை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகுதான் அன்றைய உச்சகட்ட ஆட்டம். சிறப்பு விருந்தினர் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். மேலே ட்ரோன் சுற்றியது. மைக்கைப் பிடித்தபடியே 'கபடி கபடி' என்று நாலு தடவை சொல்லிக் கோட்டைத் தாண்டினார். எதிரே ஏழு பேர். இடது ஓரத்தில் நின்றவன் எங்கள் மாவட்டத்தில் பேர்போன கார்னர். அவன் கணுக்காலைப் பிடித்தால் பிடிபட்டவர் கோட்டுக்குத் திரும்பிய கதை கிடையாது. விருந்தினரின் விரல் ஒரு முழம் தள்ளி வரும்போதே அவன் மல்லாந்து விழுந்தான். அவனைப் பார்த்து மற்ற ஆறு பேரும் விழுந்தார்கள். வர்ணனையாளருக்குக் குரல் தழுதழுத்தது. ஒரே பாடியில் ஏழு பேர் காலி!

விழுந்தவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான். அவன் முகத்தில் சிரிப்பில்லை. எங்கே பிடிக்க வேண்டும் என்று பத்து வருஷம் பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்தார். யாரைப் பிடிக்கக் கூடாது என்பதை ஊர் சொல்லிக் கொடுத்துவிட்டது.

விருந்தினர் போனார். அவரோடு பதினோரு கார்கள் போயின. சோபாக்கள் காலி. பலகையின் விளிம்பில் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும் இருந்த ஒரு சிறுவன் ஓடிப்போய்ச் சோபாவில் அமர்ந்தான். சட்டையில் பேட்ஜ் குத்திய தொண்டர் ஒருவர் காதைப் பிடித்துத் தூக்கினார்.

"விஐபி சீட்டுல."

"அதான் போய்ட்டாங்கல்லா?"

"திரும்பி வந்தா?"

அவர்கள் திரும்பி வரவில்லை. நான் கிளம்பும்வரை அந்த மூன்று வரிசையும் வெள்ளைத் துணி கலையாமல் ஆட்டம் பார்த்தது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த நோய் என்று நினைத்திருந்தேன். 2025 டிசம்பரில் கொல்கத்தாவுக்கு மெஸ்ஸி வந்தார். ஆயிரக்கணக்கில் கொட்டி டிக்கெட் வாங்கியவர்கள் அன்று கண்டது, மெஸ்ஸியைச் சூழ்ந்து நின்ற பெரிய மனிதர்களின் முதுகை. சற்று நேரத்தில் அவர் கிளம்பிவிட, நாற்காலிகள் பறந்தன. நாற்காலியை உடைத்தது தவறுதான். எங்கள் ஊரில் அந்தத் தவறு நடக்க வாய்ப்பில்லை. எங்களுக்கு நாற்காலியே கிடையாது.

பெண்கள் ஆட்டம்தான் முதலில் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. பதினொரு மணிக்கு அழைத்தார்கள். உடை மாற்றப் பக்கத்துப் பள்ளிக்கூட அறையைக் கொடுப்பதாகப் பேச்சு. சாவியை வைத்திருந்தவர் பதினோரு கார்களில் ஏதோ ஒன்றில் போய்விட்டார். நாலு தாய்மார்கள் சேலைத் துணியை நாலு பக்கமும் பிடித்துக்கொள்ள, வேனுக்குப் பின்னால் பிள்ளைகள் ஜெர்சி மாட்டினார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்திய அணியோடு தங்கம் வென்று வந்தாரே கண்ணகி நகர் கார்த்திகா, அவர் படத்தைத் தங்கள் படத்தோடு சேர்த்து அச்சடிக்காத பிரமுகர் அன்று இந்தத் திடலில் குறைவு. தங்கத்தோடு வருகிற பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க ஆயிரம் பேர். தங்கத்துக்குப் போகிற பெண் உடை மாற்ற ஒரு கதவு இல்லை.

கேலரியில் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவின் மகள் அந்த ஆட்டத்தில் ஆடினாள். பிள்ளை பாடப் போகும்போதெல்லாம் அம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இடைவேளையில் என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாமென்று தலையாட்டினார்.

"குடிச்சா அப்புறம் எங்க போக, அண்ணாச்சி? மத்தியானத்துலேருந்தே குடிக்கல."

சுற்றிப் பார்த்தேன். ஆண்களுக்குப் பள்ளிக்கூட மதில் இருந்தது, வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். பெண்களுக்கு மன உறுதி இருந்தது. ட்ரோனுக்குக் காசு இருந்தது, வாணவேடிக்கைக்கு இருந்தது, 41 முகங்களுக்கு இருந்தது. இரண்டாயிரம் பேருக்கு ஒரு நடமாடும் கழிப்பறை கொண்டுவந்து நிறுத்தக் காசு இல்லை.

அப்போதுதான் அந்தச் சிவப்பு எழுத்தின் முழு அர்த்தமும் எனக்கு உறைத்தது. அது மேடைத்தமிழ் அலங்காரம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவர்கள் உண்மையாகவே கடலைத்தான் கூப்பிடுகிறார்கள். கடலுக்குக் குடிதண்ணீர் வேண்டாம், கழிப்பறை வேண்டாம். உட்கார இடம் வேண்டாம், வெளியேற வழி வேண்டாம். ட்ரோனில் எடுத்தால் பரந்து தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முழங்கால் வலிக்காது, மூச்சு முட்டாது. முக்கியமாக, அது சாகாது.

மனிதர்கள் சாகிறார்கள். 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டி. தற்காலிக கேலரி சரிந்தது, நூறு பேருக்கு மேல் காயம். அடுத்த வருஷம் அதே மார்ச்சில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் செவன்ஸ் கால்பந்து. அங்கேயும் தற்காலிக கேலரி, அங்கேயும் சரிந்தது, இருநூறு பேர் அளவில் காயம். அந்தக் கம்புகளுக்கும் அதற்கு முந்தின வருஷம் ஒன்றும் ஆகியிருக்காது. 2025 ஜூன் 4, பெங்களூரு சின்னசாமி மைதானம். ஜெயித்து வந்த அணியைப் பார்க்கப் போனவர்களில் 11 பேர் வாசல்களில் நசுங்கிச் செத்தார்கள். உள்ளே விழா நின்றுவிடவில்லை.

ஒவ்வொரு தடவையும் மறுநாள் ஒரே வாக்கியம் வருகிறது: 'எதிர்பாராத கூட்டம்.' யாரய்யா எதிர்பாராதவர்? ஆட்டோவில் மைக் கட்டி ஒரு வாரம் ஊரெல்லாம் கூவியது யார்? சந்துக்குச் சந்து ஃப்ளெக்ஸ் கட்டி, கடலே வா என்று கூப்பிட்டுவிட்டு, கடல் வந்ததும் இவ்வளவு தண்ணீரா என்று மூக்கில் விரல் வைப்பது எந்த ஊர் நியாயம்? கூப்பிடும்போது அலைகடல். செத்தபோது கட்டுக்கடங்காத கூட்டம். இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிடமாவது எங்களைத் தலை எண்ணிப் பார்த்ததுண்டா?

எண்ணத் தெரியாமலும் இல்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014இலேயே கூட்டத்தைக் கையாள்வதற்கென்று தனி வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. இடம் எத்தனை பேரைத் தாங்கும், எந்த வழியாக வருவார்கள், எந்த வழியாகப் போவார்கள் என்று முன்கூட்டியே திட்டமிடச் சொல்லும் நூல். எங்கள் விழாக் குழுவில் அதைப் படித்தவர் உண்டா என்று கேட்டால் அடிக்க வருவார்கள். ஆனால் எந்தச் சோபாவில் யார், யாருக்குப் பக்கத்தில் யார் அமரக் கூடாது, யார் படம் யார் படத்தைவிட அரை அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நாற்பது பேருக்கு அவ்வளவு துல்லியமாகத் திட்டமிடுகிற மூளை, இரண்டாயிரம் பேர் என்றதும் கடல் என்று சொல்லிக் கை கழுவிக்கொள்கிறது.

பார்க்க வந்தவன் மேல் பழிபோடுவது நமக்கு மட்டும் சொந்தமான வித்தையும் அல்ல. 1989இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் 97 உயிர்கள் போயின. குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம் என்று போலீஸ் கதை கட்டியது. ரசிகர்கள் மேல் குற்றமில்லை என்று நீதி விசாரணையில் ஜூரிகள் சொன்னது 2016இல். இடைப்பட்ட 27 வருஷமும் செத்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடின. இங்கே 27 நாள் போராடினால் நிவாரணக் காசோலையோடு ஒரு ஃபோட்டோகிராஃபர் வந்துவிடுவார்.

பன்னிரண்டு மணிக்கு அந்த அம்மாவின் மகள் ஜெயித்தாள். கடைசிப் பாடியில் இரண்டு பேரைத் தொட்டு, தரையோடு தேய்ந்து, கைவிரலால் கோட்டைத் தொட்டாள். கேலரி மொத்தமும் எழுந்து குதித்தது. எனக்குக் கீழே சவுக்குக் கம்பு முனகியது. கத்திய வாயை மூடிக்கொண்டு நான் மெல்ல உட்கார்ந்தேன். இந்த ஊரில் ஒரு பெண்பிள்ளையின் வெற்றிக்கு முழுதாகக் குதிக்கவும் வழியில்லை.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய விருந்தினர், காலடியில் ஏழு பையன்கள். கீழே பத்துப் பெயர்கள். ஜெயித்த அணிகளின் பெயர் அதில் இல்லை.

போட்டி நடந்த அந்த இரவு, கடைசிப் பேருந்தில் அம்மாவும் மகளும் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். மடியில் மகளைவிடப் பெரிய கோப்பை. புதிய பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. பேருந்து ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான், வீடு இனி பக்கம் என்று தெரிந்துதான், அந்த அம்மா தண்ணீர் கேட்டு வாங்கினார். பாட்டிலைச் சாய்த்தவர் காலியாகும்வரை எடுக்கவில்லை.

"அடுத்த வருசமும் வருவீகளா, தாயி?" என்று கேட்டேன்.

"புள்ள ஆடுதாளே, அண்ணாச்சி. வராம?"

அது விழாக் குழுவுக்கும் தெரியும்.