மார்ச்சாலக் கழிதொட்டித் தேர்வியல்: ஒரு மீளாய்வு

0. ஆய்வு இடைவெளி

வெருகு (காட்டுப்பூனை) ஈன்றதைக் குட்டி எனலாம் என்று தொல்காப்பிய மரபியல் இலக்கணம் வகுத்தது. குட்டி ஒதுங்கும் இடத்துக்கு இலக்கணம் இல்லை. கம்பர் அவையடக்கத்தில் பாற்கடலையே நக்கப் புகுந்த பூனையைக் காட்டினார். அவ்வளவு பாலுக்கும் பிறகு அது எங்கே போயிற்று? உரையாசிரியர் எவரும் வாய் திறக்கவில்லை. தாய்ப்பூனை குட்டியைக் கவ்வுவதைக் கொண்டு தென்கலையார் சரணாகதியையே விளக்கினர். கவ்விப்போய் எங்கே இறக்கிற்று என்பதில் அவர்களும் மௌனம்.

1. வரலாறு

1947இல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட் லோ என்பவர், அதுவரை பூனையின் கழிதொட்டியில் சாம்பல் கொட்டிவந்த ஓர் அண்டை வீட்டம்மாளுக்கு ஈரம் உறிஞ்சும் களிமண் துகளைக் கொடுத்தார். ‘லிட்டர்’ என்னும் பூனை மணல் வணிகம் பிறந்தது. வீடு கட்டக் கொட்டிய ஆற்றுமணலை நம் பூனைகள் கண்டது அதற்கு முந்தியா பிந்தியா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறிஞர் என்றது என்னையும் என் மைத்துனரையும்.

2. வகை

மூடியது, திறந்தது, பழைய பிளாஸ்டிக் டப்.

3. அளவு

மூக்கு நுனி முதல் வாலின் அடிவரை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு. வால் கணக்கில் வராது. (வரும் என்போருக்கு மறுப்பு: இக்கட்டுரையாளரின் ‘வால்நீக்க விளக்கம்’, மூன்று பாகம், அச்சேறாதது, கரையான் அரித்த பக்கங்கள்.)

4. எண்ணிக்கை

பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டுக என்பது கால்நடை மருத்துவர் விதி. ஒரு பூனைக்கு இரண்டு தொட்டி. ஆனால் இரண்டையும் ஒட்டி வைத்தால் பூனைக்கு அது ஒரே இடம்தான் என்றும் அவர்களே சொல்கிறார்கள். ஆகவே பூனை அத்வைதி. ஒன்றை ஹாலிலும் மற்றதைப் பால்கனியிலும் வைப்பவர் துவைதி. ஒரு தொட்டி மற்றதன் உடல் என்று கொள்ளும் விசிஷ்டாத்வைதிகளுக்கு வாடகை வீட்டில் இடம் போதுவதில்லை. தொட்டி என்பதே மாயை என்று கருதி, இஸ்திரி போட்ட வேட்டியில் காரியத்தை முடிக்கும் பூனைகளும் உள. (மேலது, கீழது, கட்டிலுக்கடியிலது. ஒப்புநோக்குக: அடுத்த வீட்டு மாமியின் வாய்மொழி, மதில்சுவர்ப் படலம், வசைப் பகுதி. இதன் இறுதி அடிகள் இடைச்செருகல் என்பார் மாமா.) இவ்விவாதம் முனைவர் பட்டத்துக்குப் போதுமானது. இதைவிடக் குறைவானதற்கும் கொடுத்திருக்கிறார்கள்.

5. முடிவு

பெரியது, திறந்தது, வாசனை சேர்க்காத மணல், சாப்பாட்டுத் தட்டுக்குத் தொலைவு. நாள்தோறும் அள்ளுவது கட்டாயம். மலத்தில் டாக்சோபிளாஸ்மா கிருமி இருந்தால், அது தொற்றும் பக்குவம் அடைய ஒரு நாளாவது பிடிக்கும். அதற்குள் அப்புறப்படுத்த வேண்டும். யார் அள்ளுவது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதை வீட்டில் ஆய்வு செய்யாதவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.