எந்த ‘ஸ்பிரிங்’?

கேள்வி: லாட்விய மொழியில் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன என்று கேட்டால், ‘எந்த வாக்கியத்தில்?’ என்று திருப்பிக் கேட்கிறீர்களே?

பதில்: ‘ஸ்பிரிங்’ என்று மட்டும் எழுதி நீட்டினால் வேறென்ன கேட்பது? பனி உருகி மரம் துளிர்க்கும் பருவம் என்றால் ‘பவஸரிஸ்’. மண்ணிலிருந்து ஊறும் நீர் என்றால் ‘அவொட்ஸ்’. மெத்தைக்குள் இருக்கும் சுருள் கம்பி ‘அட்ஸ்பெரெ’. மூன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கேள்வி: ‘தெரியும்’ என்பதை லாட்வியர் எப்படிச் சொல்வார்?

பதில்: விடை தெரியும், அவரைத் தெரியும், நீச்சல் தெரியும். நமக்கு மூன்றும் ஒரே ‘தெரியும்’. அவர்களுக்கு விடையை அறிவது ‘ஸினாத்’, ஆளை அறிவது ‘பஸீத்’, நீச்சலை அறிவது ‘ப்ரஸ்த்’. இந்த இடத்தில் ஆங்கிலமும் தமிழும் ஒரு கட்சி.

கேள்வி: நம்மோடு அவர்கள் சேரும் இடமே இல்லையா?

பதில்: உண்டு, உடம்பில்! ஆங்கிலம் தோளுக்குக் கீழே ஒரு சொல், மணிக்கட்டுக்குக் கீழே இன்னொரு சொல் வைத்திருக்கிறது. நமக்கு எல்லாம் கை. அவர்களுக்கு எல்லாம் ‘ருவக்கா’. காலுக்கும் அப்படியே ‘காயா’. விரலுக்கு ‘பிர்க்ஸ்த்ஸ்’. கால்விரலை அவர்களும் காலின் விரல் என்றுதான் சொல்கிறார்கள். முதன்முதலில் இதைப் படித்தபோது ஏதோ உறவுக்காரரைக் கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு.

கேள்வி: இத்தனை சிக்கல், சின்ன மொழி என்பதாலா?

பதில்: இல்லை. சுமார் 15 லட்சம் பேர் பேசும் மொழி, 2004 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழி. ஒன்றியத்தின் சட்டங்கள் அத்தனையும் அதில் வந்தாக வேண்டும். விபத்து நேராமல் காப்பதற்கு ஒரு சொல், தாக்குதல் நேராமல் காப்பதற்கு இன்னொரு சொல் என்று ஆங்கிலம் பிரித்து வைத்திருப்பதை லாட்வியர் பொதுவாக ‘த்ருவஷீபா’ என்றே சொல்கிறார்கள். நாம் ‘பாதுகாப்பு’ என்பது போல. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எதிலிருந்து பாதுகாப்பு என்று மொழிபெயர்ப்பாளர்தான் தேடித் தெளிய வேண்டும். அந்த உழைப்பு வெளியே தெரிவதே இல்லை என்பதில் எனக்கு நிஜமான வருத்தம்.

கேள்வி: கணினி மென்பொருளை மொழிபெயர்ப்பது சுலபம்தானே, எல்லாம் ஒற்றைச் சொற்கள்?

பதில்: ஒற்றைச் சொல் என்பதுதான் கஷ்டமே. பட்டியலில் ‘ஓப்பன்’ என்று வருகிறது. ‘திற’ என்ற கட்டளையானால் ‘அத்வேர்த்’. ‘திறந்திருக்கிறது’ என்றால் ஆண்பால் பெயருக்கு ‘அத்வேர்த்ஸ்’, பெண்பாலுக்கு ‘அத்வேர்தா’. அடுத்த வரியில் ‘ஆர்டர்’. கடையில் கேட்ட சரக்கா, வரிசையா, அதிகாரியின் உத்தரவா? முறையே ‘பஸூதீயும்ஸ்’, ‘கார்தீபா’, ‘பவேலெ’. திரையைப் பார்க்காமல் இதை ஊகிக்கச் சொல்வது அநியாயம். நிரல் எழுதுகிறவர்களே, சொல்லுக்குப் பக்கத்தில் இது பெயரா வினையா, எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். அதற்கான வசதி மொழிபெயர்ப்புக் கோப்புகளிலேயே இருக்கிறது.

கேள்வி: எண்களிலாவது நிம்மதி உண்டா?

பதில்: ஒன்று என்றால் ஒருமை, மற்றதெல்லாம் பன்மை என்று நிரல் எழுதிவிடாதீர்கள். லாட்விய மொழியில் 21 நாளும் ஒருமை, 101 நாளும் ஒருமை. ஒன்றில் முடியும் எண்களில் 11-இல் முடிபவை மட்டும் பன்மைப் பக்கம்!