லிஃப்டின் மடி

மாட்சிமை தங்கிய குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் சமூகத்துக்கு,

தாங்கள் கையெழுத்திட்டு, லேமினேட் செய்து, மெயின் லிஃப்டின் பொத்தான்களுக்கு மேல் ஒட்டிவைத்த சுற்றறிக்கையைப் படித்து மெய்சிலிர்த்தது. வீட்டுவேலைக்கு வருபவர்கள், டிரைவர்கள், டெலிவரி ஆட்கள் அனைவரும் சர்வீஸ் லிஃப்டில்தான் ஏற வேண்டும். மீறினால் 300 ரூபாய் அபராதம். ஒட்டிய பசை காய்வதற்குள் அமலுக்கும் கொண்டுவந்துவிட்டீர்கள். சர்வீஸ் லிஃப்ட் பழுதாகிக் கிடந்த அன்று, வேறு வழியில்லாமல் மெயின் லிஃப்டில் ஏறிய ஒரு அம்மாவைக் கேமராவில் பார்த்து, வாட்ச்மேனை ஏவி நான்காவது மாடியில் இறக்கிவிட்டீர்கள். பதினோராவது மாடி வரை மீதியைப் படியில் ஏறினார். முட்டிவலிக்காரர். போகட்டும், லிஃப்டின் மடி காப்பாற்றப்பட்டது. கொடியில் கிடக்கும் ஒன்பது கஜத்தைக் கழியால் எடுத்த அந்தக் காலத்துப் பாட்டிகள்கூட இத்தனை கறாராக மடி பார்த்திருக்க மாட்டார்கள்.

சுகாதாரத்துக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று வாட்ஸ்அப் குழுவில் விளக்கம் தந்திருக்கிறீர்கள். இந்த மடியின் சாஸ்திரம்தான் கொஞ்சம் பிடிபடவில்லை. வேலைக்கு வருபவரின் கை சப்பாத்திக்கு மாவு பிசைகிறது, பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறது, தாங்கள் தலைவைத்துப் படுக்கும் தலையணைக்கு உறை மாற்றுகிறது. அதிலெல்லாம் மடி கெடவில்லை. பதினொன்று என்ற பொத்தானை அந்த விரல் அழுத்தினால் மட்டும் கெட்டுவிடுகிறது. அழுக்கு என்பது ஒரு பொருளின் குணமல்ல, இருக்கக்கூடாத இடத்தில் இருப்பதைத்தான் அழுக்கு என்கிறோம் என்று மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966-இல் விளக்கினார். செருப்பு தன்னளவில் அழுக்கில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்தால் அழுக்கு. தங்கள் சுற்றறிக்கை கிருமியைப் பற்றிப் பேசவில்லை, இடத்தைப் பற்றித்தான் பேசுகிறது.

அப்படியானால் லிஃப்டுக்குள் மட்டும் அப்படி என்ன இருக்கிறது? வீட்டுக்குள் யார் யாரென்று சொல்ல ஆயிரம் அடையாளங்கள் உண்டு. ஒருவர் சோஃபாவில், மற்றவர் தரையில். ஒருவருக்குப் பீங்கான் கோப்பை, மற்றவருக்குத் தனியாகக் கவிழ்த்துவைத்த எவர்சில்வர் டம்ளர். பக்கத்திலேயே நிற்கும் வேலைக்காரரை அங்கே இல்லாதவராகவே பாவித்துக் குடும்ப ரகசியம் பேசும் பழக்கத்தைப் பற்றிச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் எழுதியிருக்கிறார். ஆளாகவே கணக்கில் வராத ஆள் அவர். லிஃப்டில் இந்த வசதி கிடையாது. சோஃபா இல்லை, டம்ளர் இல்லை, ஏவுவதற்கு வேலையும் இல்லை. இருவரும் நிற்க வேண்டும், இருவரும் கதவைப் பார்க்க வேண்டும், மாறும் மாடி எண்ணை இருவரும் அண்ணாந்து பார்க்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் இப்படிக் கண்ணைத் திருப்பிக்கொள்வதையும் காஃப்மன் 1963-இல் ஆராய்ந்தார்: நீ இருப்பது தெரியும், உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன் என்று ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை அது. ஆளைக் கண்டு கண்ணைத் திருப்புவது வேறு, ஆளே இல்லை என்று இருப்பது வேறு. வெறுமனே பழகினால் தப்பெண்ணம் போய்விடாது, சமமாக நின்று பழகினால்தான் குறையும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே எழுதிவிட்டார். அடுக்குமாடி வளாகம் முழுக்கத் தேடினாலும் அந்தச் சமம் வாய்ப்பது லிஃப்டின் அரை நிமிடத்தில் மட்டும்தான். அதையும் ஒழித்துக்கட்டிய தங்கள் சமயோசிதத்தை என்ன சொல்லிப் புகழ்வது!

காலை எட்டரை மணி நெரிசலை மறந்து பேசுகிறாயா என்று பொருளாளர் கேட்கக்கூடும். நெரிசல் நிஜம்தான். பீரோ, கேஸ் சிலிண்டர், தள்ளுவண்டி எல்லாம் சர்வீஸ் லிஃப்டில் போகட்டும், கொண்டுபோவது யாராக இருந்தாலும் சரி என்று விதி போட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. தங்கள் விதி சுமையைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்க்கிறது. சொட்டச் சொட்டக் குப்பைப் பையோடு வீட்டு உரிமையாளர் மெயின் லிஃப்டில் தாராளமாக இறங்கலாம், மடி கெடாது. பாதுகாப்பு என்பீர்கள், இரண்டு லிஃப்டிலும் கேமரா இருக்கிறது. அவர்களே ஒன்றும் சொல்லவில்லையே என்பீர்கள். அடுத்த மாதச் சம்பளம் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் போய் யார் சொல்வார்கள்? அவர்களுக்கென்று தனி லிஃப்டே கொடுத்திருக்கிறோமே என்பதுதான் தங்கள் பிரம்மாஸ்திரம். 1924-இல் தீண்டாமையை எதிர்த்துப் போராட்டம் நடந்த வைக்கத்திலும் வேறு வழி இருக்கத்தான் செய்தது, கோயில் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போகலாம். சுற்றிப் போகச் சொன்னதுதான் அங்கே வழக்கே. சுற்றறிக்கையில் சாதி என்ற சொல் இல்லை, உண்மைதான். 1950 முதல் தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17-ஆவது பிரிவு அமலில் இருக்கும் நாட்டில் அதை எழுதுகிற அளவுக்குத் தங்கள் செயலாளர் விவரமில்லாதவர் அல்ல.

பிரேசிலிலும் இதே கூத்துதான்: குடியிருப்பவர்களுக்கு ஒரு லிஃப்ட், வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு லிஃப்ட். 1888 வரை அடிமைமுறையைச் சட்டமாகவே வைத்திருந்த தேசம் அது. ஆனால் சாவோ பாவ்லோ நகரம் 1996-இல் சட்டம் போட்டு, இனம், நிறம், சமூக நிலை பார்த்து யாரையும் லிஃப்டில் ஏற்றாமல் தடுத்தால் அபராதம் என்று பலகை வைக்கச் சொல்லிவிட்டது. அங்கே ஏறவிடாதவருக்கு அபராதம், இங்கே ஏறியவருக்கு. ஒரு மனுஷி மாடி ஏறியதற்கு அபராதமா? வெட்கமாக இல்லை? மன்னிக்கவும், மரியாதை குறைந்துவிட்டது. பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

முடிவாக, வரும் பொதுக்குழுவில் ஒரே ஒரு தெளிவுரை வேண்டுகிறேன். சுற்றறிக்கையின் மூன்றாவது பத்தியில், வீட்டு உரிமையாளரின் குழந்தையையோ வளர்ப்பு நாயையோ அழைத்துவரும் பணியாளர் மட்டும் மெயின் லிஃப்டில் ஏறலாம் என்று பெரிய மனதோடு விலக்கு அளித்திருக்கிறீர்கள். நாய் கூட வந்தால் மடி கெடாது என்று இதனால் தெரிகிறது, சந்தோஷம். நாயை வீட்டில் விட்டுவிட்டு அதே பணியாளர் கீழே இறங்கும்போது எந்த லிஃப்டில் இறங்க வேண்டும்? வீட்டுக்கு வீடு குழப்பம் ஓடுகிறது. நாய்க்கும் ஒரு அடையாள அட்டை கொடுத்து, தேவைப்படும்போது இரவல் தர வழி உண்டா என்பதையும் செயற்குழு கூடி முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பராமரிப்புக் கட்டணத்தைத் தவறாமல் கட்டும் ஒருவர்